குட்டை பேரல், பெரிய தோட்டா: அளந்து பார்த்துச் சுடுங்கள்

.44 மேக்னம் தோட்டாப் பெட்டியில் 240 கிரெயின் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 1,180 அடி என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். எந்த நீளப் பேரலில் அதை அளந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. 4 அங்குலச் சோதனைப் பேரலிலோ, அதைவிட நீளமானதிலோ அளந்திருப்பார்கள். அதே தோட்டாவை இரண்டரை, இரண்டேமுக்கால் அங்குல ரிவால்வரில் போட்டால் 1,000 முதல் 1,100 அடி வந்தாலே நல்ல விஷயம். மீதி வெடிமருந்து பேரலுக்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் எரிகிறது.

டல்லாஸ், ஹியூஸ்டன் பக்கம் வேலைக்குப் போய், அங்கே சட்டப்படி துப்பாக்கி வாங்கும் நம்மூர் ஆட்கள் சென்னைக்கு அனுப்பும் கேள்விகளில் முக்கால்வாசி இதைச் சுற்றியே வருகிறது. "குட்டை ரிவால்வர், .44 அல்லது .45, என்ன தோட்டா போடலாம், டிரிக்கரை எப்படி இலகுவாக்கலாம்?" பதில் நீளமானது. சென்னையில் லைசென்ஸோடு .32 வைத்திருப்பவருக்கும் இதில் பாதி அப்படியே பொருந்தும். மீதிப் பாதியை இங்கே செய்தால் வழக்கு வரும். அது கடைசியில்.

இங்கே குட்டை என்றால் 3 அங்குலமும் அதற்குக் கீழும். பெரிய தோட்டா என்றால் .44 ஸ்பெஷல், .44 மேக்னம், .45 கோல்ட், இவற்றைச் சார்ந்தவை. இந்த யோசனை புதிதல்ல. வெப்லி நிறுவனம் 1872-லேயே இரண்டரை அங்குலப் பேரலில் 'பிரிட்டிஷ் புல் டாக்' போட்டது. .45 கோல்ட் 1873-ஐச் சேர்ந்தது. .44 ஸ்பெஷல் 1907-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடமிருந்து வந்தது, .44 மேக்னம் 1955-ல். 1973-ல் சார்ட்டர் ஆர்ம்ஸ் ஐந்து தோட்டா 'புல்டாக்'கை .44 ஸ்பெஷலில் 20 அவுன்ஸ் சுமாருக்கு இறக்கியபோதுதான் இது இடுப்பில் செருகும் சாமான் ஆனது.

அழுத்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமியின் (SAAMI) தர நிர்ணயப்படி .45 கோல்ட்டுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, .44 ஸ்பெஷலுக்கு 15,500, .44 மேக்னத்துக்கு 36,000. முதல் இரண்டும் நிதானமான அழுத்தத்தில் கனமான குண்டைத் தள்ளுகிறவை. மூன்றாவதன் பலம் வேகத்தில். வேகத்துக்கு நீளம் வேண்டும், குட்டைப் பேரலில் இல்லாதது அதுதான். பேரல் ஓர் அங்குலம் குறைந்தால் அழுத்தம் குறைந்த தோட்டாவில் பொதுவாக 20, 30 அடி வேகம் போகும். மேக்னத்தில் 50-க்கு மேலும் போகும். குண்டின் எடையும் விட்டமும் மட்டும் பேரல் எவ்வளவு குட்டையானாலும் குறைவதில்லை.

ஒரே துப்பாக்கியில் மூன்று தோட்டாவைப் போட்டுக் கணக்கிடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 69, இரண்டேமுக்கால் அங்குலம், எடை 34 அவுன்ஸ் சுமார். 200 கிரெயின் ஸ்பெஷல் 750 அடியில் போனால் குண்டின் ஆற்றல் 250 அடி-பவுண்டு, கைக்கு வரும் உதை நாலரை அடி-பவுண்டு. 240 கிரெயின் மிதமான லோடு (குண்டும் மருந்தும் சேர்ந்த அளவு) 850 அடியில் போனால் ஆற்றல் 385, உதை 8. முழு மேக்னம் 240 கிரெயின் 1,050 அடியில் போனால் ஆற்றல் 590-க்குப் பக்கம், உதை 17. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஆற்றல் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது, உதை நாலு மடங்கை நெருங்குகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நடுவில் இருக்கும் 240 கிரெயின், 850 அடிதான் இந்த அளவு ரிவால்வருக்கு ஏற்ற இடம் என்பது என் தீர்மானம். மேக்னம் சுடத்தான் வேண்டும் என்றால் 4 அங்குலமாவது வாங்குங்கள். அலாஸ்காவில் கரடி வரும் இடத்தில் மீன் பிடிக்கப் போகிறவருக்காக ரூகர் நிறுவனம் இரண்டரை அங்குல 'சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன்' போட்டது. அதன் எடை 44 அவுன்ஸைத் தொடும். அந்த எடை இல்லாமல் அந்தத் தோட்டாவைக் கையில் அடக்க முடியாது.

சரி, தோட்டாவுக்கு முன்னால் துப்பாக்கி. அனுபவஸ்தர்கள் தோட்டாப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஃபீலர் கேஜை, அதாவது இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளை எடுப்பார்கள். புல்லட் பைக்குக்கு டேப்பெட் செட் பண்ணும் அதே ஃபீலர் கேஜ்தான், பாரிமுனைப் பக்கம் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். கூட ஒரு மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர். சிலிண்டரை (தோட்டா அறைகள் உள்ள உருளை) திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் அளவு சிலிண்டரின் முன்பக்கத்துக்கும் பேரலின் பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளி. 0.004 முதல் 0.008 அங்குலம் வரை சரி, 0.006 இருந்தால் உத்தமம். 0.003-க்குக் கீழே போனால், முப்பது நாற்பது தோட்டா சுட்டதும் சூட்டில் விரிந்து, கரியும் சேர்ந்து, சிலிண்டர் இறுகும். 0.010-ஐத் தாண்டினால் வேகமும் போகும், பக்கவாட்டில் ஈயத் துணுக்கும் தெறிக்கும். குட்டைப் பேரலில் இருப்பதே குறைந்த வேகம். அதையும் இந்த இடுக்கில் கோட்டைவிட முடியாது.

இதே கேஜில் இரண்டாவது அளவும் கிடைக்கும். சிலிண்டரை முன்னால் தள்ளிப் பிடித்து ஒருமுறை இடைவெளியை அளங்கள், பின்னால் தள்ளி ஒருமுறை. இரண்டின் வித்தியாசம்தான் எண்ட் ஷேக், அதாவது சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம். 0.001 முதல் 0.003 வரை பரவாயில்லை. 0.005, 0.006 வந்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் சிலிண்டர் பின்னால் போய் இடித்து, ஆட்டத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகும். 0.002 அங்குல வாஷர் ஒன்றோ இரண்டோ உள்ளே போட்டால் தீர்ந்துவிடும். எடை குறைந்த துப்பாக்கியில் கனமான தோட்டா சுடுகிறவர் ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை இதை அளந்து குறித்து வைத்தால் நல்லது. எண் நகர்வது தெரிந்தால் லோடைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்தது டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் சரியான நேரத்தில் பேரலுக்கு நேராக வந்து நிற்பது. ஹேமரை (தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியல்) மிக மெதுவாக இழுங்கள், இன்னொரு கைக் கட்டைவிரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்தபடி. ஹேமர் முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டரைப் பூட்டி நிறுத்தும் சிலிண்டர் ஸ்டாப் தன் பள்ளத்தில் விழும் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் விழுகிறது என்றால் டைமிங் பிந்துகிறது. ஒரு அறையில் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஐந்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு அறைகளில் மட்டும் தவறும். அப்படித் தவறும் அறையிலிருந்து கிளம்பும் குண்டு பேரலின் வாயில் ஓரமாக இடித்துக்கொண்டு நுழையும். சீவப்பட்ட ஈயம் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் வந்து ஒட்டும். பழைய ரிவால்வர் வாங்குகிறவர் ஃபோர்ஸிங் கோனின் (பேரலின் பின்வாயில் உள்ள கூம்பு) ஒரு பக்கத்தில் மட்டும் ஈயப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால், விற்பவர் சொல்லாத கதை தெரிந்துவிடும்.

கூடவே புஷ்-ஆஃப் சோதனை. காலித் துப்பாக்கியில் ஹேமரை இழுத்து நிறுத்தி, டிரிக்கரைத் தொடாமல் ஹேமரைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழவே கூடாது. விழுந்தால் ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரை யாரோ தேய்த்திருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள்.

இனி த்ரோட். சிலிண்டர் அறையின் முன்பகுதியில் குண்டு கடந்துபோகும் குறுகிய வட்டம் அது. ஈயக் குண்டு சுடுகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான அளவும் இதுதான். கொஞ்சம் பெரிதான மென்மையான ஈயக் குண்டு ஒன்றில் எண்ணெய் தடவி, முன்பக்கமிருந்து மரக்குச்சியால் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். .44-க்கு 0.4295 முதல் 0.430 வரை இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். .45 கோல்ட்டுக்கு 0.452. .45-ல்தான் தலைவலி அதிகம். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் த்ரோட் 0.455-க்கு மேலேயும் இருக்கும், பழைய ரூகர்களில் 0.450-ஐ ஒட்டி இறுக்கமாக இருக்கும். முதல் வகையில் 0.452 குண்டு தளர்வாக ஆடிக்கொண்டு போகும், ஓரத்தில் சூடான வாயு புகுந்து ஈயத்தை உருக்கும். இரண்டாவதில் த்ரோட் குண்டைப் பிழிந்து சிறிதாக்கிவிடும், பிறகு பேரலில் அது பிடிமானம் இல்லாமல் வழுக்கும். இரண்டிலும் முடிவு ஒன்று: இருபது தோட்டாவுக்குள் பேரல் முழுக்க ஈயம், குண்டுகள் இலக்கில் சிதறி விழும். இறுக்கமான த்ரோட்டை ரீமர் போட்டுப் பெரிதாக்க முடியும். பெரிதாக இருப்பதைச் சிறிதாக்க முடியாது, குண்டைத்தான் பெரிதாக்க வேண்டும். ஐந்து அறையும் ஒரே அளவா என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி.

ஃபோர்ஸிங் கோனில் விரிசல் தேட வேண்டிய இடம் ஆறு மணி நிலை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 696 மாதிரி நடுத்தர உடலில் .44-ஐத் திணித்த ரிவால்வர்களில் அந்த இடத்தில் உலோகம் மெல்லிசு. அவற்றுக்குச் சாதாரண .44 ஸ்பெஷல் மட்டும் கொடுங்கள். "ஸ்பெஷல் கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூடு) மருந்தைக் கொஞ்சம் சூடாக ஏற்றினால் என்ன" என்று கேட்கிற நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் சொல்லும் லோடுகள் பெரிய உடல் ரிவால்வருக்காக எழுதப்பட்டவை.

டிரிக்கர் வேலை

குட்டை ரிவால்வரை டபுள் ஆக்‌ஷனில்தான், அதாவது டிரிக்கரை இழுத்தே ஹேமரையும் தூக்கித்தான் சுட வேண்டும், ஆகவே டிரிக்கர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இழுக்கத் தேவையான எடை குறைவது இரண்டாம்பட்சம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது டபுள் ஆக்‌ஷன் 12 முதல் 14 பவுண்டு இருக்கும். அதைக் 10 வரை கொண்டுவந்தால் போதும். அதற்குக் கீழே போவது காகித இலக்குக்கு மட்டும் சுடும் துப்பாக்கிக்கு.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கைப்பிடியின் முன்பட்டையில் ஒரு சிறு திருகு இருக்கும், ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ. அதைக் கால் சுற்று தளர்த்தினால் டிரிக்கர் உடனே இலகுவாகிவிடும். செலவில்லாத வைத்தியம் என்று பலரும் செய்வது இது. இரண்டு விஷயம் நடக்கும். ஹேமரின் அடி பலவீனமாகி, பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பான்) சில நேரம் வெடிக்காது. பிறகு ஒவ்வொரு உதைக்கும் அந்தத் திருகு தானாக இன்னும் தளரும். அது முழுக்க இறுகியிருக்க வேண்டும். எடை குறைக்க ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி. டிரிக்கரைத் திருப்பித் தள்ளும் ரீபவுண்ட் ஸ்பிரிங் தொழிற்சாலையில் 18 பவுண்டு சுமார் இருக்கும். 15 போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 13-க்கு இறங்கினால் டிரிக்கர் திரும்பி வரச் சோம்பும். அவசரத்தில் முழுக்கத் திரும்புவதற்குள் மறுபடி இழுத்துவிட்டால் சிலிண்டர் ஓர் அறையைத் தாண்டிவிடும். ரூகர் ரெட்ஹாக்கில் ஹேமருக்கும் டிரிக்கருக்கும் ஒரே ஸ்பிரிங், அதை மெலிதாக்கினால் இரண்டு கெடுதலும் சேர்ந்து வரும்.

உள்பாகங்களை மூடும் பக்கத் தகட்டைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம். திருகுகளுக்கு ஆப்பு வடிவமில்லாத ஹாலோ கிரவுண்ட் முனைதான் பொருந்தும். வீட்டு ஸ்க்ரூ டிரைவரின் ஆப்பு வடிவ முனை பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துக் கடித்துவிடும். திருகுகளை எடுத்த பிறகு தகட்டை எதையும் விட்டு நெம்பக் கூடாது. கைப்பிடிச் சட்டத்தை மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால் அதிர்வில் தகடு தானே மேலே எழும்பி வரும். நெம்பிய தகடு பழையபடி உட்காராது, அந்த மெல்லிய கோடு ஆயுசுக்கும் தெரியும்.

உள்ளே கல்லால் தேய்ப்பதென்றால், ரீபவுண்ட் ஸ்பிரிங் உட்காரும் ரீபவுண்ட் ஸ்லைடின் அடிப்பாகம், அது உரசும் சட்டத்தின் தரை, இந்த இரண்டு இடம் மட்டும். நயமான செராமிக் கல்லில் பிசிறு போகும் அளவுக்கு. பழைய பாகங்களில் கடினப்படுத்திய தோல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தான், அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே மென்மையான எஃகு, ஆறு மாதத்தில் பள்ளம் விழும். ஹேமரை இழுத்து நிறுத்தும்போது சியர் பிடிக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் பள்ளத்தின் கோணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். மேலே சொன்ன புஷ்-ஆஃப் சோதனையில் தோற்கும் துப்பாக்கிகள் இப்படித்தான் உருவாகின்றன.

ஸ்பிரிங் மாற்றிய பின் நீங்கள் உண்மையில் வைத்துக்கொள்ளப் போகும் தோட்டாவிலேயே 50 சுட்டுப் பாருங்கள், எல்லாம் டபுள் ஆக்‌ஷனில். ஒன்று வெடிக்காமல் போனாலும், ஹேமரை அடிக்க வைக்கும் பழைய மெயின் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். ஃபெடரல் பிரைமர் மென்மையானது, சிசிஐ கடினம். ஒன்றில் தேறிய துப்பாக்கி மற்றொன்றில் தவறும்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பட்டையை மூடும் ரப்பர் பிடி உதையைப் பரப்பும், டிரிக்கர் கார்டுக்குப் பின்னால் இடம் நிரம்பியிருந்தால் நடுவிரல் கணு அடிபடாது. அழகான மரப்பிடியை ஃபோட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா

குட்டைப் பேரலுக்கென்று தயாரிக்கும் தோட்டாக்களில் ஒளிர்வைக் குறைக்கும் மருந்தும், குறைந்த வேகத்திலேயே விரியும் குண்டும் இருக்கும். ஹார்னடியின் 165 கிரெயின் .44 ஸ்பெஷலுக்கு 900 அடி, ஸ்பியர் கோல்ட் டாட் 200 கிரெயினுக்கு 875 அடி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பழைய பாணி 246 கிரெயின் உருண்டை மூக்கு ஈயக் குண்டுக்கு 755 அடி. இந்த எண்களில் இருந்து உங்கள் துப்பாக்கிக்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து அளந்துவிடுங்கள். குழி மூக்குக் குண்டு விரிய வேகம் வேண்டும். அந்த வேகம் கிடைக்காதபோது அது விரியாத உருண்டைக் குண்டாகவே நடந்துகொள்ளும். அதனால்தான் தட்டை மூக்குள்ள செமி வாட்கட்டர் ஈயக் குண்டை இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். .44 குண்டு ஏற்கெனவே அகலமானது, அது விரிந்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

குட்டைப் பேரலுக்கு வேகமாக எரியும் மருந்துதான் அதிக வேகம் தரும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதிதான் உண்மை. நீளப் பேரலில் அதிக வேகம் தரும் மெதுவான மருந்தே பெரும்பாலும் குட்டைப் பேரலிலும் அதிக வேகம் தருகிறது. ஆனால் அந்தச் சிறு லாபத்துக்கு நெருப்பும் உதையும் மிக அதிகம். எரியாத மருந்துத் துகள்களும் மிஞ்சும். இந்தத் துகள்கள் எங்கே போகும் என்பது முக்கியம். காலிக் கேஸைத் தள்ளும் நட்சத்திரத்துக்கு அடியில் ஒரே ஒரு துகள் உட்கார்ந்தாலும் நட்சத்திரம் முழுக்கப் படியாது, சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுகிச் சுழலும். பல பேர் டைமிங் போய்விட்டது என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை உலர்வாக வைத்து நட்சத்திரத்தின் அடியைத் துடைத்தால் சரியாகிவிடும். அங்கே எண்ணெய் விடாதீர்கள், துகள் இன்னும் நன்றாக ஒட்டும்.

.44 ஸ்பெஷல் கேஸ் 1.160 அங்குலம், மேக்னம் கேஸ் 1.285. குட்டை ரிவால்வரின் தள்ளுகம்பி இந்த நீளத்துக்குப் போதாது, கேஸ் முழுக்க வெளியே வராமல் முக்கால்வாசியில் தொங்கும். பேரலை வானம் பார்க்கப் பிடித்து, உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்தால் எடை தாங்காமல் விழுந்துவிடும். மெதுவாகத் தள்ளினால் ஒரு கேஸ் நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டும், அதை எடுக்க நகம் தேய வேண்டும். மேக்னம் அறையில் ஸ்பெஷல் நிறையச் சுட்டிருந்தால் கேஸின் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் கட்டும். அதைச் சுரண்டாமல் மேக்னம் போட்டால் கேஸ் உள்ளே போக மறுக்கும், வலுக்கட்டாயமாகப் போட்டால் அழுத்தம் ஏறும்.

எடை குறைந்த ரிவால்வரில் மிக மோசமான கோளாறு குண்டு முன்னால் நகர்வது. துப்பாக்கி உதையில் பின்னால் பாயும்போது, சுடாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் கேஸும் கூடவே பாய்கிறது, குண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கேஸின் வாயில் கிரிம்ப் (விளிம்பை உள்ளே மடித்த பிடிப்பு) பலமாக இல்லாவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, சிலிண்டரின் முன்பக்கத்தைத் தாண்டி, பேரலில் முட்டி நிற்கும். அதன் பிறகு சிலிண்டர் சுற்றவும் சுற்றாது, திறக்கவும் திறக்காது. சோதனை எளிது. ஐந்து தோட்டாவில் ஒன்றின் மொத்த நீளத்தை வெர்னியரில் அளந்து குறித்து, அது கடைசியாக வரும்படி போடுங்கள். நான்கைச் சுடுங்கள், ஐந்தாவதை எடுத்துத் திரும்ப அளங்கள். 0.010 அங்குலத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தப் பெட்டி இந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம். அதே தோட்டா 40 அவுன்ஸ் துப்பாக்கியில் அசையாமல் இருக்கும்.

குறி பற்றி ஒன்று. நிலையான சைட் உள்ள ரிவால்வரில் கனமான குண்டு மேலே அடிக்கும், இலகுவான வேகமான குண்டு கீழே அடிக்கும். கனமானது பேரலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் உதையில் பேரல் மேலே எழுந்துவிடுகிறது. 165 கிரெயினில் கீழே அடிக்கிறது என்று சைட்டை அரத்தால் தேய்க்கக் கிளம்பாதீர்கள், 240 போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எடைக்குத்தான் சைட் செய்திருப்பார்கள்.

.45 கோல்ட்டில் "ரூகருக்கு மட்டும்" என்று குறித்த சூடான லோடுகள் உண்டு. 14,000-க்குச் செய்த மற்ற துப்பாக்கிகளில் அவை போனால் சிலிண்டர் பிளக்கும். இதற்கு நேர் எதிர்ப்பக்க ஆபத்து மிகவும் குறைந்த லோடு. சத்தம் 'பொத்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள், குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கும், அடுத்தது பேரலைப் பிதுக்கிவிடும். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா ஏற்றுகிறவர்கள் அச்சிட்ட மேனுவலைத் தாண்டக் கூடாது. .45 கோல்ட் கேஸ் பெரிது, வேகமான மருந்து இரண்டு தடவை விழுந்தாலும் கேஸில் இடம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு பிளக், அதன் மேல் மஃப், இரண்டும். குட்டைப் பேரல் மேக்னத்தின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும்.

இங்கே, சென்னையில்

ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ஆம் பிரிவு, உரிய லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. 6-ஆம் பிரிவு பேரலைக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. நம் கையில் இருக்கும் சொந்த லைசென்ஸ் வைத்திருப்பதற்கு மட்டும்தான். ஆகவே மேலே சொன்ன ஸ்பிரிங் வேலை, கல் வேலை, தோட்டா ஏற்றும் வேலை எதுவும் இங்கே வீட்டு மேஜையில் நடக்கக் கூடாது. அளந்து பார்க்கலாம், கோளாறு தெரிந்தால் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகலாம். தாத்தா காலத்து வெப்லி .455 பரணில் கிடைத்தால் அதைத் துடைத்துப் பார்த்து ரசிக்க வேண்டாம். .455, .380 ரிம் (அடியில் துருத்தும் விளிம்பு உள்ள) தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட ரகம். வக்கீலிடம் பேசிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் இல்லை, லைசென்ஸ் காலம் ஐந்து வருடம்.

இங்கே பெரும்பாலும் கையில் இருப்பது .32. கான்பூர் ரிவால்வர் பழைய வெப்லி மார்க் 4 மாதிரி நடுவில் முறியும் அமைப்பு, பேரல் 3 அங்குலம். 2014-ல் வந்த நிர்பீக் 500 கிராம். 2023-ல் வந்த பிரபல் பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும், 700 கிராம். இடைவெளி, எண்ட் ஷேக், டைமிங், புஷ்-ஆஃப் எல்லாம் இவற்றிலும் பார்க்க வேண்டியவையே. முறியும் அமைப்பில் கூடுதலாக ஒன்று: பூட்டிய நிலையில் பேரலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தாழ்ப்பாளில் ஆட்டம் இருந்தால் சுடுவதை நிறுத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை இந்த ஊருக்கே உரியது. ரிவால்வரின் .32 என்பது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், உச்ச அழுத்தம் 15,000. பிஸ்டலின் .32 என்பது .32 ஏசிபி, 20,500. இரண்டையும் எல்லோரும் ".32" என்றே கேட்கிறார்கள். கேஸின் விட்டம் ஒன்றுதான் என்பதால் பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறையில் நுழைந்துவிடும், அதன் சின்ன ரிம் விளிம்பில் அரைகுறையாகத் தொங்கியும் நிற்கும். வெடிக்கவும் செய்யும். பழைய முறியும் ரிவால்வரின் தாழ்ப்பாள் அதைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து கேஸின் அடியைப் பாருங்கள். ரிவால்வர் தோட்டாவின் ரிம் கேஸைவிடத் தெளிவாக அகலமாக வெளியே நிற்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் நீல மெருகு ஒரு மழைக்காலத்தில் சிவப்பாகிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸும் தப்பாது, துப்பாக்கிக்குப் போடும் ரகத்தில் வீட்டுப் பாத்திரத்தை விடக் குரோமியம் குறைவு. தோல் உறை இடுப்புக்கு மட்டும், பெட்டிக்குள் வைக்க அல்ல. தோல் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டி வைத்திருக்கும், பதனிட்ட ரசாயனம் மீதியை முடிக்கும். எண்ணெய் துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் திரும்ப உயிர் வரும். தோட்டா தனி டப்பாவில். ஊடுருவும் ஸ்ப்ரே எண்ணெய்களைத் தோட்டா பக்கம் கொண்டுபோகாதீர்கள், பிரைமருக்குள் கசிந்து செத்துவிடும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். அது எத்தனை வாரம் எந்த அலமாரியில் இருக்கும் என்று நம் கையில் இல்லை. கொடுக்கும் முன் பேரலுக்குள்ளும் சிலிண்டர் அறைகளிலும் கெட்டியான கிரீஸ் தடவி, துருத்தடுப்பு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீரியல் எண்ணும் வெளிப்புற நிலையும் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து, ரசீதில் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திரும்பி வந்ததும் சுடுவதற்கு முன் பேரல் வழியாக வெளிச்சம் பார்க்க வேண்டும். கிரீஸை முழுக்கத் துடைத்து எடுங்கள், அதுவே அடைப்புதான். நம்மூரில் இன்னொன்றும் உண்டு. சாவித் துவாரத்தையே விடாத குளவி, திறந்து கிடக்கும் பேரலை விடுமா? மண் கூடு கட்டியிருந்தால் வெந்நீர் விட்டு ஊறவைத்து, மரக்குச்சியால் பின்பக்கமிருந்து தள்ளி, உலர்த்தி, எண்ணெய் போட்டுவிட்டு, ஃபீலர் கேஜை மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.